கப்பலில் வந்த காலன் – அத்தியாயம் 4: நாற்பது நாள் யாருக்கு?

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் கைவிரித்துவிட்டது என்று சென்ற வாரம் பார்த்தோம். ‘கொடிய தொற்றுக் காய்ச்சல்’ என்று சான்று எழுதிக் கொடுத்து, கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் அந்த ஊர் வைத்தியர்கள்.

1720 மே 25. ‘கிராண்ட் சான் ஆந்த்வான்’ பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்தது. வழியிலேயே ஒரு துருக்கிப் பயணி, மாலுமிகள் பலர், கப்பல் வைத்தியர் எல்லாரும் இறந்திருந்தார்கள்.

மார்செய்க்குக் கொள்ளைநோய் புதிதல்ல, கட்டுக்காவலும் புதிதல்ல. வந்த கப்பலின் தலைவர் கரையில் கால் வைக்கக் கூடாது. படகில் வந்து, இரும்புக் கம்பிக்கு அப்பால் நின்றே அதிகாரிகளிடம் பேச வேண்டும். அவர் நீட்டும் காகிதத்தை இடுக்கியால் வாங்கி, காடியில் நனைத்த பிறகே பிரிப்பார்கள். சந்தேகத்துக்குரிய கப்பல் என்றால் நேரே ஜார் தீவுக்குப் போக வேண்டும். ஏட்டில் ஓட்டையே இல்லை!

கப்பல் தலைவர் ஷாதோ நீட்டிய காகிதங்களில் சீதோன், திரிபோலி, சைப்ரஸ் துறைமுகங்களின் சான்றுகள் மூன்றும் சுத்தம். மே 27 அன்று இன்னொரு மாலுமி இறந்தான். கொள்ளைநோயின் அறிகுறி இல்லை என்றார் துறைமுக வைத்தியர். இருந்தாலும், ஜார் தீவுக்கு அனுப்புவதாகத்தான் சுகாதார வாரியம் முதலில் முடிவெடுத்தது.

ஒரு வாரத்துக்குள் முடிவு மாறிவிட்டது. பஞ்சு மட்டும் தீவுக்கு. விலையுயர்ந்த பட்டும் துணியும் ஊரையொட்டிய தனிமை விடுதிக்கு.

மாற்றியது யார்? கப்பலிலிருந்த சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் எக்யூ வெள்ளிக் காசு. ஜூலையில் போகேர் சந்தை கூடும்; அதற்குள் துணி போய்ச் சேர வேண்டும். சரக்கில் பங்குள்ளவர்களில் ஒருவர் ஷான்-பத்தீஸ்த் எஸ்தெல். அவர்தான் நகராட்சியின் முதல் உறுப்பினர். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 14 அன்று பயணிகளுக்குப் புகை போட்டு ஊருக்குள் அனுப்பிவிட்டார்கள். விதிப்படியான நாற்பது நாள் தனிமை எங்கே, கழிந்த இருபது நாள் எங்கே! சரக்கில் கொஞ்சம் மதில் தாண்டிக் களவாகவும் போயிற்று என்று பலர் நம்பினார்கள்.

ஜூன் 20. பெல்-தாப்ல் என்ற குறுகிய தெருவில் ஒரு பெண் சில மணி நேரத்திலேயே இறந்துபோனாள். உதட்டில் கருத்த கொப்புளம். சாதாரணக் காய்ச்சல்தான் என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள்.

ஆனால் சாவு நிற்கவில்லை. ஜூலை 31 அன்று எக்ஸ் நகர நீதிமன்றம் ஆணையிட்டது: மார்செய்க்காரர் எவரும் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது, மீறினால் மரணம். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வண்டி கட்டிக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்களோடு கூடவே என்ன கிளம்பியது என்பது அடுத்த வாரம்.