கொடைக்கானல் கோப்பும் சென்னைப் புகாரும்

2001 அக்டோபர் 31 அன்று கொடைக்கானலை அடுத்த டைகர் சோலைக் காட்டில் ஓர் ஆணின் உடல் கிடப்பதை வனத்துறையினர் கண்டனர். யாருடைய உடல் என்று மலையில் எவருக்கும் தெரியவில்லை. சென்னையைச் சேர்ந்த பிரின்ஸ் சாந்தகுமார்தான் அவர் என்பதும், சரவண பவன் உணவகங்களின் அதிபர் பி.ராஜகோபால் மீது கொலைக் குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது என்பதும் நவம்பரில்தான் ஊருக்குத் தெரியவந்தன. புகழ்பெற்ற ஒருவரின் சொந்த விவகாரம் காவல் நிலையத்துக்கும் பத்திரிகைக்கும் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் இவ்வளவு விரிவாகக் காட்டிய வழக்குகள் மிகச் சிலவே.

ராஜகோபால் தூத்துக்குடி மாவட்டம் புன்னையடியில் பிறந்தவர். 1981-இல் சென்னை கே.கே.நகரில் முதல் சரவண பவனைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளில் அது துபாய் வரை கிளை விட்டது. ஊழியர்களுக்கு மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, தங்குமிடம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த முதலாளி என்ற பெயர் அவருக்கு உண்டு. எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. சாந்தகுமாரின் மனைவி ஜீவஜோதியின் தந்தை அவரிடம் வேலை பார்த்தவர். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருந்த ராஜகோபால், ஜோதிடர் சொன்னதை நம்பி ஜீவஜோதியை மூன்றாவதாக மணக்க விரும்பினார். ஜீவஜோதியோ 1999-இல் சாந்தகுமாரைக் காதலித்து மணந்துகொண்டார். பண உதவியில் தொடங்கிய நெருக்கம், கணவனை விட்டு வந்துவிடு என்ற நெருக்கடியாகவும் பிறகு மிரட்டலாகவும் மாறியது. ஒரே கையிலிருந்து சம்பளமும் உதவியும் வந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு அந்தக் கையைத் தட்டிவிடுவது எளிதாக இருந்திருக்காது. வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2001 அக்டோபர் 1 அன்று தம்பதியர் கடத்தப்பட்டு, அடித்து மிரட்டப்பட்டனர். பிறகு தப்பி, அக்டோபர் 12 அன்று சென்னை மாநகரக் காவல் ஆணையரிடம் புகார் கொடுத்தனர். ஆறே நாளில், அக்டோபர் 18 அன்று, மறுபடியும் கடத்தப்பட்டனர். இடைப்பட்ட நாட்களில் ராஜகோபால் கைது செய்யப்படவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க இடைவெளி இந்த ஆறு நாட்கள்தான்.

அன்றைய காவல் நிலைய நடைமுறையையும் இங்கே பார்க்க வேண்டும். குடும்பம், திருமணம் என்ற சொற்கள் புகாரில் இருந்தால் மனுவைப் பெற்றுக்கொண்டு, இரு தரப்பையும் அழைத்துப் பேசி, எழுதி வாங்கி அனுப்புவதே நெடுங்கால வழக்கம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்ட பிறகும் சமரசப் பேச்சே முதல் படியாக இருந்தது. 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவு கணவனையும் அவன் உறவினரையும் பற்றியது. ஜீவஜோதியின் புகார் இந்த வகை எதிலும் அடங்காது. கணவனும் மனைவியும் ஒரே பக்கம் நின்று, வெளியாள் ஒருவருக்கு எதிராகப் பாதுகாப்புக் கேட்டார்கள். அதில் சமரசம் செய்துவைக்க எதுவும் இல்லை. கடத்தல் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம்.

அக்டோபர் கடைசி வாரத்தில் தம்பதியர் தெற்கே கொண்டுசெல்லப்பட்டனர். மனைவியிடமிருந்து பிரிக்கப்பட்ட சாந்தகுமாரை ராஜகோபாலின் ஆட்கள் காரில் ஏற்றி, கழுத்தை நெரித்துக் கொன்று, உடலைக் கொடைக்கானல் மலையில் வீசினர் என்று நீதிமன்றங்கள் பின்னர் முடிவுசெய்தன. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் பெருமாள்மலைப் பக்கத்தில்தான் சேர்கின்றன. சாலையோரத்துச் சரிவுகளில் சோலைக்காடு அடர்ந்து கிடக்கும். ஐப்பசி மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவரும் தெரியமாட்டார். அங்கே கிடக்கும் உடல் மட்கிப்போகும், அல்லது விலங்குகளுக்கு இரையாகும். வனத்துறையினரின் கண்ணில் சில நாட்களிலேயே பட்டதால் இந்த உடல் அடையாளம் காணக்கூடிய நிலையில் கிடைத்தது.

அதன் பிறகு கொடைக்கானல் காவல்துறை செய்ததெல்லாம் எந்த மலை நிலையமும் செய்யும் சாதாரண வேலைதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்கீழ் சந்தேக மரணம் என்று பதிவுசெய்தார்கள். பிரேத விசாரணை நடந்தது, உடல் புகைப்படம் எடுக்கப்பட்டது, உடைகள் பத்திரப்படுத்தப்பட்டன. கழுத்து நெரிக்கப்பட்டதால் மூச்சுத்திணறி இறந்தார் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. உரிமை கோர யாரும் வராததால் உடலைக் கொடைக்கானலிலேயே புதைத்தார்கள். இறந்தவர் யார், யாரோடு பகை, பின்னால் எவ்வளவு பெரிய மனிதர் இருக்கிறார் என்பது எதுவும் தெரியாமலே இவ்வளவும் நடந்தது. பெயர் தெரியாத ஒருவருக்காக எழுதப்பட்ட அந்தக் கோப்பு முறையாக இல்லாமல் போயிருந்தால், பின்னால் எத்தனை சாட்சிகள் வந்தும் கொலையை நிரூபித்திருக்க முடியாது. பிரமுகர் வழக்கு என்று தெரிந்து செய்த வேலையைவிட, தெரியாமல் ஒழுங்காகச் செய்த வேலையே இந்த வழக்கைக் காப்பாற்றியது.

நவம்பர் 20 அன்று ஜீவஜோதி மீண்டும் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். நவம்பர் 23 அன்று ராஜகோபால் சரணடைந்தார். கொடைக்கானல் காவலர்கள் எடுத்திருந்த புகைப்படத்தையும் உடைகளையும் பார்த்து உறவினர்கள் இறந்தவரை அடையாளம் காட்டினர். மண்டை ஓட்டைச் சாந்தகுமாரின் படத்தோடு பொருத்திப் பார்க்கும் தடயவியல் சோதனையும் நடந்தது.

ராஜகோபால் சரணடைந்ததும் விவகாரம் தலைப்புச் செய்தியானது. தமிழ் இதழியலில் பிரமுகர்களின் வீட்டு விவகாரத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1940-களில் லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ ஆகிய ஏடுகளில் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி விற்றார். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை முறையிட்டு, 1947-இல்தான் விடுதலையானார்கள். மஞ்சள் பத்திரிகை என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பாணியின் ஆர்வம் பிற்கால வாரமிருமுறை இதழ்களிலும் மாலை நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் வேறு வடிவில் தொடர்ந்தது. 2001-இல் அவற்றின் கவனம் பெரும்பாலும் ஜோதிடம், மூன்றாவது திருமண ஆசை, ஜீவஜோதியின் தோற்றம் ஆகியவற்றின் மீதே விழுந்தது. மக்கள் நாவில் அது இன்றும் ‘ஜீவஜோதி வழக்கு’தான். கொலையுண்டவரின் பெயரோ குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரோ அதற்கு நிலைக்கவில்லை; கணவனை இழந்த பெண்ணின் பெயர்தான் நிலைத்தது. இது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அத்தனை வெளிச்சம் விழுந்த பிறகு வழக்கைச் சத்தமில்லாமல் கிடப்பில் போடுவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது. 2003 ஜூலையில், ஜாமீனில் இருந்த ராஜகோபால் வேதாரண்யத்தில் ஜீவஜோதியின் வீட்டுக்கே சென்று பணம் கொடுக்க முயன்றதாகப் புதிய வழக்கு பதிவானபோது, செய்தி மாநிலம் முழுவதும் பரவியது.

2004-இல் பூந்தமல்லியில் இருந்த விசாரணை நீதிமன்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று கொண்டு ராஜகோபாலுக்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. அபராதம் 55 லட்சம் ரூபாய். அதில் 50 லட்சம் ஜீவஜோதிக்கு. 2009 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் திட்டமிட்ட கொலை என்று தீர்மானித்து, ராஜகோபாலுக்கும் மேலும் ஐவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்று, ஜாமீனில் வெளியே இருந்தார். உணவகங்கள் நாடு நாடாகப் பெருகின.

இதற்கிடையில் சட்டமும் நகர்ந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. திருமண, குடும்பத் தகராறுகள் போன்ற சில வகைகளில் மட்டும் குறுகிய காலத்துக்குள் முன்விசாரணை செய்ய இடம் கொடுத்தது. பத்திரிகைகளுக்கான வரம்பு பழையது. திருமண வழக்கு விவரங்களை அனுமதியின்றி வெளியிடுவதை இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு தடைசெய்கிறது. அதற்கு அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். இந்தத் தொகைக்கு எந்த ஊடகமும் அஞ்சாது. நடிகர் ரவி மோகனும் அவர் மனைவி ஆர்த்தியும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிக்கை விடக்கூடாது என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தனியாக உத்தரவிட நேர்ந்ததே இதற்குச் சான்று.

சாந்தகுமார் வழக்கில் இறந்தவரின் அடையாளம் நிரூபணமாகவில்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச் 29 அன்று நீதிபதிகள் என்.வி.ரமணா, மோகன் சாந்தனகவுடர், இந்திரா பானர்ஜி ஆகியோர் அதை ஏற்க மறுத்து ஆயுள் தண்டனையை உறுதிசெய்தனர். உடல்நிலையைக் காட்டிக் கேட்ட அவகாசமும் மறுக்கப்பட்டது. ஜூலை 9 அன்று ராஜகோபால் ஆம்புலன்சில் வந்து சென்னை நீதிமன்றத்தில் சரணடைந்தார். ஜூலை 18 அன்று மருத்துவமனையில் இறந்தார்.