காற்று வாங்கும் பொதுஜனம்: மெரினா குறித்துச் சில குறிப்புகள்

மறைமலைநகரில் மின்ரயில் ஏறும் நாங்கள் 'பீச்'சுக்குத்தான் டிக்கெட் எடுக்கிறோம். அந்த பீச் ஸ்டேஷனில் இறங்கினால் கடல் தெரியாது. எதிரே துறைமுகத்தின் மதில் நிற்கிறது. 'பர்ஸ்ட் லைன் பீச்' என்றிருந்து பிறகு ராஜாஜி சாலையாகிவிட்ட அந்தத் தெருவை ஒட்டித்தான் ஒரு காலத்தில் அலை அடித்தது. அங்கே பெயர் மிஞ்சியிருக்கிறது, கரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ச் சுண்டல் தின்னும் மெரினாவிலோ மணல் ஏராளம், அது எப்படி வந்தது என்ற ஞாபகம்தான் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தாலொழிய மெரினா என்ற 'பொது' இடத்தின் வரலாறு பிடிபடாது என்று நினைக்கிறேன்.

1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881இல் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டேயிருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் அது தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகன்றது. வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் போய்ச் சேராததால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. அங்கே இப்போது பார்ப்பதெல்லாம் கொட்டிவைத்த பாறாங்கற்கள். தென்பகுதியின் பொழுதுபோக்கு வடசென்னையின் மணலில் நடக்கிறது என்று சொன்னால் மிகையாகப் படலாம். நீரோட்டத்தைப் பொறுத்தவரை அது வெறும் கணக்கு.

அந்த மணலுக்குப் பெயர் வைத்தவர் 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப். சிசிலியின் பலேர்மோ நகரை நினைத்து 'மெரினா' என்றார். உலாவுவதற்கு நடைபாதை அமைத்தார். இதில் நாம் கவனங்கொள்ள வேண்டியது, 'காத்து வாங்குறது' என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் நடத்தைக்கு அரசு ஓர் இடத்தை ஒதுக்கித் தந்தது என்பதைத்தான். உலாவுகிறவர் ஊரிலிருந்து வந்து கடலைப் பார்த்து நிற்கிறார். அவருக்குக் கடல் ஒரு காட்சி. மீனவர் கடலிலிருந்து வந்து கரையைப் பார்க்கிறார். கட்டுமரம் ஏற்ற, வலை காயவைக்க, மீனை ஏலம் விட அவருக்கு அந்த மணல் வேண்டும். முதல் பார்வை 'பொது' ஆயிற்று. இரண்டாவது 'ஆக்கிரமிப்பு' ஆயிற்று.

கொழும்பிலும் இதே கதைதான். காலிமுகத் திடலை உலாவிடமாக அமைத்த ஆளுநர் ஹென்றி வார்ட், நகரத்துப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின்வருவோருக்குக் கல்வெட்டில் எழுதிவைத்தார், ஆண்டு 1859. அதே திடலில் 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து உட்கார்ந்த தமிழரசுக் கட்சியினர் கும்பலால் தாக்கப்பட்டார்கள். 2022 ஜூலையில் 'அரகலய' கூடாரங்களைப் படையினர் பிய்த்தெறிந்தார்கள். உலாவ வந்தவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பொது இடத்தின் இலக்கணம் மாறிவிடுகிறது.

இங்கும் பேசியிருக்கிறார்கள். 1907இல் விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினக் கூட்டங்களை நடத்தியது உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் இங்கேயும். அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது தற்செயல் அல்ல. ஹேபர்மாஸின் காப்பிக்கடையை நம்மூரில் தேடி அலைகிற நண்பர்கள் இந்த மணலைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1959இல் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை வந்தது: பாறையைப் புரட்ட முயலும் நாலு ஆட்கள். வெண்கலத்தில் உழைப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. 1985இல் எம்.ஜி.ஆர். அரசு 'அழகுபடுத்த' வந்து, மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அள்ளிக்கொண்டு போனது. குப்பங்கள் திரண்டன, போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். சிலையைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பவர்களுக்கு அந்தச் சாவைச் சொல்ல ஒரு கல்கூடக் கிடையாது. தலைவர்களின் சமாதிகளுக்கோ 1969லிருந்து இடத்துக்குக் குறைவில்லை.

கூட்ட மேடையாயிருந்த சீரணி அரங்கம் 2003இல் இடிக்கப்பட்டது. பிறகு 2017 ஜனவரி, ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதைப் பற்றி நம்மவர்கள் எழுதிக் குவித்ததில் மாணவர் உண்டு, செல்போன் வெளிச்சம் உண்டு, குப்பம் மட்டும் ஓரத்தில்தான் வரும். 23ஆம் தேதி போலீஸ் விரட்டியபோது ஓடியவர்களைக் குப்பத்துப் பெண்கள் வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். அதற்கான விலையாக நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. போலீசே தீ வைத்தது என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் ஈழத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்த மே பதினேழு இயக்கத்தினர் கைதானார்கள். திருமுருகன் காந்தி உள்ளிட்டோர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. 2018இல் காவிரிக்காக அய்யாக்கண்ணு ஒருநாள் உண்ணாவிரதம் இருக்கலாம் என்று தனி நீதிபதி தந்த அனுமதியை அவ்வாண்டே டிவிஷன் பெஞ்ச் ரத்து செய்தது.

ஆக, வெறும் மணல் என்ற புனைவை அரசு மட்டும் சொல்லவில்லை. மெரினாவை 'நம்ம திடல்' என்று கொண்டாடும்போது நாமும் அதைத்தான் சொல்கிறோம். ஏற்கெனவே ஆள் இருக்கிற இடம் அது. 2023 ஏப்ரலில் பட்டினப்பாக்கம் லூப் ரோட்டின் மீன் கடைகளை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை எடுத்தது. மீனைச் சாலையில் கொட்டி மறித்தார்கள். நாங்கள் ரோட்டுக்கு வரவில்லை, எங்கள் ஊர்ப் பொதுநிலத்தில் ரோடுதான் வந்தது என்பது அவர்கள் வாதம். நடைபாதையில் உலாவும் நம் நண்பர்கள் எத்தனை பேர் அதை எழுதினோம்?

2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள். நல்ல கட்டடம்தான். கூடையோடு நின்ற ஒரு பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். "கட்டடம் குட்தாங்க தம்பி, வாணாங்கல. போட்டு வந்து நிக்கிற மண்ணு எங்களுதுன்னு எதுனா பேப்பர்ல எழுதிக் குட்தாங்களா, அத்தச் சொல்லு" என்றார்.