125 கோச்சு வண்டிகள்

ஒரு மனிதருக்கு எத்தனை கோச்சு வண்டிகள் தேவைப்படும்? ஒன்று போதும். வீட்டு அம்மாளுக்குத் தனியாக வேண்டுமென்றால் இரண்டு. ஆனால் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த டானியல் ஹில்டன் என்பவர், தம்மிடம் 125 வண்டிகள் இருப்பதாகக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். அத்தனையும் சொந்த உபயோகத்துக்குத்தானாம். வாடகைக்கு விடுவதற்கு அல்லவாம்!

இந்த அழகான பொய்க்குக் காரணம் வரி. 1794-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ், மனிதர்கள் ஏறிச் செல்லும் வண்டிகளின் மீது வரி போட்டது. உழவுக்கும் சரக்கு ஏற்றவும் பயன்படும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சுகமாக உலாவப் போகிறவர்தாம் கொடுக்க வேண்டும். கஜானாவை நிரப்பும் கவலை நிதி மந்திரி ஹாமில்டனுக்கு. மாடிசனோ, இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். நேர்முக வரியானால் அதை ஜனத்தொகைப்படி மாநிலங்களுக்குப் பங்கிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி.

ஹில்டன் வரி கட்ட மறுத்தார். ஆனால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போவதென்றால் வழக்கின் மதிப்பு 2,000 டாலர் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு வண்டிக்கு வரி 8 டாலர். அபராதம் 8 டாலர். அந்தப் 16-ஐ 125-ஆல் பெருக்கிப் பாருங்கள், மர்மம் விளங்கிவிடும்! இரு தரப்பாரும் சம்மதித்துச் செய்த கற்பனை இது. தோற்றால் ஹில்டன் 16 டாலர் கட்டினால் போதும் என்றும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள்.

1796-இல், அதற்குள் பதவியை விட்டிருந்த ஹாமில்டனே வந்து சர்க்கார் பக்கம் வாதாடினார். வரி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஜனத்தொகைப்படி பங்கிட்டால், வண்டிகள் நிறைந்த மாநிலத்தில் ஒருவர் 8 டாலர் கொடுக்கும்போது, வண்டிகள் குறைந்த மாநிலத்தில் இன்னொருவர் 80 டாலர் கொடுக்க நேரும்; இது நியாயமா என்று கேட்டார் நீதிபதி சேஸ். காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்று அரசியல் சட்டப்படி செல்லுமா என்று அந்தக் கோர்ட்டு ஆராய்ந்தது அதுவே முதல் தடவை.

கோச்சு வண்டி போய், படுக்கையும் அடுப்பும் கொண்ட மோட்டார் வீடு வந்தது. வரி மட்டும் போகவில்லை. 1930-களில் பல மாநிலங்கள் விற்பனை வரி விதித்தன. பக்கத்து மாநிலத்தில் வாங்கி வந்தால் தப்பலாமே என்று ஜனங்கள் நினைத்தார்கள். உடனே 'உபயோக வரி' பிறந்தது. வாஷிங்டன் மாநிலம் 1935-இல் விதித்த அந்த வரியை 1937-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆகையால் இன்று தனி மனிதரிடம் பழைய மோட்டார் வீட்டை வாங்குகிறவரும், பல மாநிலங்களில், தம் பெயருக்குப் பதிவு செய்யும்போது வரி செலுத்தியே ஆகவேண்டும்.

விற்பனை வரியே இல்லாத மாநிலங்களும் உண்டு. மான்டானா அவற்றில் ஒன்று. அங்கே காகிதத்தில் ஒரு கம்பெனியை ஏற்படுத்தி, அதன் பெயரில் வண்டியை வாங்கி, வேறு மாநிலத்தில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாநிலத்து அதிகாரிகள் அவர்களைத் தேடிப் பிடித்து வரி கேட்கிறார்கள்.

இவர்களுக்கும் ஹில்டனுக்கும் என்ன வித்தியாசம்? இருவருடையதும் காகிதக் கற்பனைதானே? ஹில்டனின் கற்பனையில் எதிராளிக்கும் பங்கு உண்டு; கேள்வியைச் சபையில் வைத்து விடை பெறுவதற்காக அது பிறந்தது. மற்றதோ, கேள்வியே எழாமல் இருப்பதற்காகப் பிறந்தது.

காகிதம் என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் விற்றவர் தம் கடனை அடைக்காமல் இருந்தால், வாங்கியவரின் வாசலில் கடன்காரன் வந்து நின்று வண்டியை இழுத்துப் போகலாம். பெயர் மாற்றத்தைச் சர்க்காருக்குத் தெரிவிக்காவிட்டால், வாங்கியவர் செய்த குற்றத்துக்கு விற்றவருக்கு அபராதச் சீட்டு வரலாம். முன்பின் அறியாத இருவர் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு அந்தக் காகிதத்தை விட்டால் வேறு என்ன சாட்சி இருக்கிறது?