லைராவின் கூடவே வந்த அந்துப்பூச்சி

ஆக்ஸ்ஃபோர்டில் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பிலிப் புல்மன் அப்போது பேனாவால்தான் எழுதிவந்தார். நாளுக்கு மூன்று பக்கம். ஆனால் ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலின் முதல் அத்தியாயம் அவரைப் படாதபாடு படுத்தியது. லைரா என்ற சிறுமி நுழையக்கூடாத அறைக்குள் நுழைந்து, கேட்கக்கூடாததைக் கேட்கிறாள். தொடக்கம் இதுதான் என்று தெரியும். எத்தனை முறை எழுதியும் கதை நகரவில்லை. பெண் தனியாக இருக்கிறாள், யாரிடம் பேசுவாள்?

ஒருநாள் எழுதும்போது அவளோடு இன்னொரு ஜீவனும் வந்து சேர்ந்தது. அதுதான் டீமன்: மனிதரின் உயிரில் ஒரு பாதி, உடம்புக்கு வெளியே பிராணியாக நடமாடுவது. லைராவின் டீமன் பான்டலைமோன் இருட்டோடு இருட்டாகக் கரும்பழுப்பு அந்துப்பூச்சியாகிவிடுகிறது. போய்விடலாம் என்று நச்சரிக்கிறது. அவளா கேட்பாள்? ஒரே மனசு இரண்டு வாயால் சண்டை போடுகிறது. இனி ஆசிரியர் குறுக்கே வந்து விளக்க வேண்டியதில்லை.

டீமனின் விதையாக லியோனார்டோவின் ஓவியம் ஒன்றைப் புல்மன் பின்னாளில் சொன்னார். 1490 வாக்கில் வரைந்தது. ஒரு பெண், கையில் எர்மின் என்ற கீரி போன்ற வெள்ளை விலங்கு. இரண்டு முகமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்.

முதலில் எழுதியபோது எல்லோருடைய டீமனும் உருவம் மாறிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் அது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும் என்பேன். குழந்தைகளுடையது மட்டும் மாறும், வளர்ந்தவர்களுடையது ஓர் உருவில் நிலைத்துவிடும் என்று பிறகு பிடிபட்டதே, அதுதான் விஷயம். பள்ளி ஆசிரியராகப் பல வருஷம் இருந்தவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியமில்லை. பிறகு ஒவ்வொரு பெரியவரையும் அவர் பக்கத்தில் நிற்கும் டீமனை வைத்தே படித்துவிடலாம். வேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் நாய். ஆஸ்ரியல் பிரபுவுக்குப் பனிச்சிறுத்தை. திருமதி கோல்ட்டர் நயமாகப் பேசுவாள்; அவளுடைய பொன்னிறக் குரங்கோ பான்டலைமோனை அமுக்கிப் பிடித்துக் காதை இழுக்கும். அந்தக் குரங்குக்கு நாவலில் பெயரே கிடையாது.

புத்தகம் 1995இல் வந்து கார்னகி பதக்கம் வாங்கியது. 2000இல் வந்த, இந்தக் கதைவரிசையின் மூன்றாம் பாகத்தின் முடிவில்தான் பான்டலைமோன் ஓர் உருவில் நிலைக்கிறது. பைன் மார்ட்டன், எர்மினின் நெருங்கிய சொந்தம்.