டேவிட் கான்டிலா: நாற்பதில் முடிந்த ஓர் ஆட்டம்

1961-ஆம் ஆண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில், சவுத் அடிலெய்டு என்கிற கிளப்புக்குப் புதிதாக ஓர் ஆட்டக்காரர் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் வடக்கே இருக்கும் டார்வின் நகரத்தையும் தாண்டி, கடலுக்குள் இருக்கும் திவி தீவுகளைச் சேர்ந்தவர். முதல் ஆட்டத்திலேயே 6 கோல் அடித்தார். அந்த ஆண்டு கிளப்பின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அடுத்த ஆண்டும் அவருக்கே. பெயர் டேவிட் கான்டிலா. 1978-இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான்.

இறந்தவரின் பெயரைக் குறிப்பிட்ட காலம் வரை உச்சரிக்காமல் இருப்பது திவி மக்களின் மரபு. புகுமானி என்று அழைக்கப்படும் அவர்களுடைய இறுதிச் சடங்கோடு சேர்ந்த விலக்கு அது. கான்டிலாவின் பெயர் இன்று பொதுப் பதிவுகளில் பெருமையோடு நிற்கிறது, அதனால் நாமும் எழுதுகிறோம். இப்படியொரு மரபு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறோம்.

அவர் ஆடியது நம் ஊர்க் கால்பந்து அல்ல, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. அங்கே ஃபுட்டி என்பார்கள். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், அணிக்கு 18 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தலாம், உதைக்கலாம். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. கொஞ்சம் தள்ளிப் போனால் 1 புள்ளி. கான்டிலா ரக்மேன். நடுவர் பந்தைத் தரையில் அடித்து மேலே எழுப்பும்போது எதிரணிக்காரரோடு மோதி, எம்பி, பந்தைத் தன் ஆட்களுக்குத் தட்டிவிடுகிற வேலை. உயரமும் வேண்டும், இடி தாங்கும் உடம்பும் வேண்டும். எல்லாவற்றையும் விட, எந்தப் பக்கம் தன் ஆள் ஓடி வருகிறான் என்று காற்றில் இருக்கும்போதே கணக்குப் போடுகிற மூளை வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றிப் பிறகு பேசவேண்டியிருக்கிறது.

திவி தீவுகள் என்பவை முக்கியமாக பாத்தர்ஸ்ட், மெல்வில் என்ற இரண்டு. டார்வினுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கின்றன. 1911-இல் அங்கே கத்தோலிக்க மிஷன் வந்தது. பள்ளிக்கூடம், பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதி, ஜெபம் எல்லாம் வந்தன. 1940-களில் பந்தும் வந்தது. பந்தைக் கொடுத்தது மிஷன்தான், ஆனால் ஆட்டத்தைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது மக்கள். இன்று திவி தீவுகளின் இறுதிப்போட்டி நாளில் வீட்டில் ஆள் இருக்காது.

தீவிலிருந்து வேலைக்காக டார்வின் வந்த இளைஞர்கள் ஆடுவதற்கு 1952-இல் செயின்ட் மேரீஸ் என்ற கிளப் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டெட் ஈகன். அப்போது அவர் பூர்வகுடி விவகாரத் துறையில் இளம் வெள்ளைக்கார அலுவலர். பிற்காலத்தில் வடக்குப் பிரதேசத்தின் ஆட்சிப் பொறுப்பாளராகவே ஆனார். டார்வின் கால்பந்து ஒன்றும் கை நீட்டி வரவேற்ற இடமல்ல. 1920-களில் சில ஆண்டுகள் அந்த லீக் நிறத்தைக் காட்டி ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்திருந்தது. அப்படிப்பட்ட லீக்கில், தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே செயின்ட் மேரீஸ் கோப்பையைத் தூக்கியது. கான்டிலா அந்தக் கிளப்பின் வார்ப்பு.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கான்டிலாவின் இளமைக் காலம் முழுக்க அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இருந்தது.

1953-இல் வடக்குப் பிரதேசத்தில் 'நலச் சட்டம்' ஒன்று இயற்றப்பட்டது. 1957-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசு யாரை வேண்டுமானாலும் 'வார்டு' என்று அறிவிக்கலாம். வார்டு என்றால் அரசின் காப்பில் இருக்கும் மைனர் மாதிரி. வயது ஐம்பதானாலும் மைனர்தான். துறை இயக்குநரே சட்டப்படியான காப்பாளர். எங்கே தங்குவது, சொத்தை யார் நிர்வகிப்பது, வார்டு அல்லாத ஒருவரைத் திருமணம் செய்யலாமா என்பதெல்லாம் அவர் கையில். மது அருந்தக் கூடாது. கூலிக்குத் தனிச் சட்டம், குறைந்த கூலி.

இதில் உள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். சட்டத்தில் 'பூர்வகுடி' என்ற சொல் கிடையாது. இனம், நிறம் எதுவும் கிடையாது. வாக்குரிமை உள்ளவரை வார்டு என்று அறிவிக்க முடியாது என்று மட்டும் இருந்தது. வெள்ளையர் எல்லாருக்கும் வாக்கு உண்டு. முழுப் பூர்வகுடிகளாகக் கருதப்பட்டவர்களுக்குக் கிடையாது. முடிந்தது வேலை. சாதி என்ற சொல்லே இல்லாமல் சாதியை நடத்துகிற விதிமுறைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாமல் போகாது. கோயில் அறக்கட்டளை விதியிலும் தண்ணீர்த் தொட்டிச் சாவியிலும் நாம் தினம் பார்ப்பதுதான்.

இப்படிச் சுமார் 15 ஆயிரம் பேரின் பெயர்களைச் சேர்த்து ஒரு பதிவேடு அரசிதழில் வெளியானது. அதற்கு அங்கே மக்கள் வைத்த பட்டப்பெயர் 'ஸ்டட் புக்'. தமிழில் சொன்னால் பொலிகாளைப் பதிவேடு. ஓவியர் ஆல்பர்ட் நமத்ஜிராவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். உலகப் புகழ் பெற்றிருந்த அவரை 1957-இல் பதிவேட்டிலிருந்து விடுவித்து முழுக் குடிமகன் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே, தன் சொந்தக்காரர் ஒருவருக்கு மது கொடுத்த குற்றத்துக்காகத் தண்டித்தார்கள். விடுதலை அவருக்கு மட்டும்தான். அவருடைய சனத்துக்கு இல்லை. தன் மக்களோடு ஒரு குவளையைப் பகிர்ந்தால் குற்றவாளி. 1959-இல் அவர் இறந்தார்.

கான்டிலா அடிலெய்டுக்குப் போனது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. கூட்டம் அவரைக் கொண்டாடியது. ஆனால் அதே தெற்கு ஆஸ்திரேலியாவில், நிறத்தையோ இனத்தையோ காட்டிக் கடையிலும் விடுதியிலும் ஒருவருக்கு இடம் மறுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் வந்தது 1966-இன் இறுதியில். டான் டன்ஸ்டன் முன்னெடுத்த அந்தச் சட்டம்தான் ஆஸ்திரேலியாவிலேயே அவ்வகையில் முதலாவது. கான்டிலா அங்கே ஆடிய கடைசி சீசனும் 1966 தான். ஆக, அவர் ஆடிய ஆறு சீசன்களிலும், சனிக்கிழமை மைதானத்தில் கைதட்டிய ஒருவர் திங்கட்கிழமை தன் விடுதி வாசலில் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தாலும் அது சட்டப்படி தவறாக இருந்திருக்காது.

அந்த ஆறு சீசன்களில் 113 ஆட்டங்கள், 106 கோல்கள். மாநில அணிக்கும் ஆடினார். உச்சம் 1964. அதற்கு முந்தைய ஆண்டு சவுத் அடிலெய்டு பட்டியலில் கடைசி இடம். நீல் கெர்லி பயிற்சியாளராக வந்தார். ஒரே ஆண்டில் கடைசியிலிருந்து முதலிடம். இறுதிப்போட்டியில், அந்நாளில் அசைக்க முடியாத அணியாக இருந்த போர்ட் அடிலெய்டை 27 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். ரக்கில் கான்டிலா. அதற்குப் பிறகு அந்தக் கிளப் இன்றுவரை அந்தக் கோப்பையைத் தொடவில்லை. நலச் சட்டம் நீக்கப்பட்டதும் அதே 1964-இல்தான்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். பூர்வகுடி ஆட்டக்காரர்களைப் புகழும்போது ஆஸ்திரேலிய ஊடகங்கள் பல காலமாகப் பயன்படுத்திவந்த சொற்கள் சில உண்டு: மாயம், மந்திரம், பிறவித் திறமை, உள்ளுணர்வு. வெள்ளை ஆட்டக்காரரைப் புகழ வேறு சொற்கள்: உழைப்பு, தலைமை, ஆட்ட அறிவு. கேட்க எல்லாமே பாராட்டுதான். ஆனால் பிரித்து வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு மூளை, இன்னொருவருக்கு உடம்பு. எங்கள் ஊர்களில் பறையடிக்கிற அண்ணனைப் பார்த்து 'இவங்களுக்கு அது ரத்தத்துலயே ஊறினது' என்று சொல்வார்கள். சிறுவயதிலிருந்து விரல் வீங்க வீங்கப் பழகியது யார் கணக்கிலும் வராது. ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டால் கூலியும் கொடுக்க வேண்டியதில்லை, குரு என்று கும்பிடவும் வேண்டியதில்லை. அறிவைக் கொடுக்க மறுத்து ஆற்றலை மட்டும் கொடுக்கிற புகழ்ச்சியை நாங்கள் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்ளாமல் இதை எழுத முடியவில்லை. பூனாவில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதானப் பணியாளராக இருந்து, மணிக்கணக்காக அவர்களுக்குப் பந்து வீசியே தேறிய தலித் பந்துவீச்சாளர். 1911-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அவருடைய பந்து வேண்டும், ஆனால் தேநீர் வெளியே தனிக் குவளையில். இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. பிற்பாடு 1937 தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராக அதே பாலுவைக் காங்கிரஸ் நிறுத்தியதும் நடந்தது (பாலு தோற்றார்). கொண்டாடப்பட்ட உடம்புகளை யார் யார் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கான்டிலா 1966-க்குப் பிறகு வடக்கே திரும்பினார். வடக்கில் ஃபுட்டி ஆடுவது மழைக்காலத்தில், தெற்கில் ஆடுவது குளிர்காலத்தில். அதனால் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆண்டு முழுக்க ஆடிய வடக்கத்தி ஆட்டக்காரர்கள் உண்டு. உடம்பு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

அப்புறம் 1978, கார் விபத்து. விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் அவருடைய மரணத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விபத்துக்கு வரலாறு கிடையாது என்பது அவர்கள் எண்ணம். சமூகப் பணியில் இருக்கும் நாங்கள் அப்படி நினைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் சாலையில் சாகும் விகிதம் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகளாக இரண்டு மூன்று மடங்கு இருந்துவருகிறது. தொலைதூரம், மோசமான சாலை, பழைய வண்டியில் அளவுக்கு மீறி ஆட்கள், அடிபட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஆகும் நேரம். அவருடைய விபத்துக்கு இவைதான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இத்தனை பேர் இப்படிச் சாகும்போது 'விதி' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போக முடியாது என்கிறோம். 2020-22 கணக்கின்படி அங்கே பூர்வகுடி ஆணின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 71.9 ஆண்டுகள். மற்ற ஆண்களைவிட 8.8 ஆண்டுகள் குறைவு.

அவர் இறந்த 1978-இல்தான் திவி நிலக் குழு அமைந்தது. 1976-இல் வந்த பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தின் வழியே, தீவுகளின் நிலம் சட்டப்படி அந்த மக்களுக்கே திரும்பியது. மிஷனும் பதிவேடும் போய், மண் கைக்கு வந்த காலம். அதற்குள் அவர் போய்விட்டார்.

2005-இல், நூற்றாண்டின் சிறந்த பூர்வகுடி அணியைத் தேர்ந்தெடுத்தபோது கான்டிலாவுக்கும் இடம் கொடுத்தார்கள். மெல்போர்னின் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர் அவர்.

அவர் திறந்த பாதையில் திவியிலிருந்து பிறகு பலர் வந்தார்கள். அவர்களில் மாரிஸ் ரியோலியை மட்டுமாவது சொல்ல வேண்டும். 1982-இல் மெல்போர்ன் இறுதிப்போட்டியில் அவருடைய ரிச்மண்ட் அணி தோற்றது. ஆனாலும் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பூர்வகுடி வீரர். 1993-இல் அதே பதக்கத்தை வென்ற மைக்கேல் லாங்கின் கழுத்தில் அதை அணிவித்தவரும் ரியோலிதான். லாங்கின் அப்பாவும் அம்மாவும் குடும்பங்களிலிருந்து பறிக்கப்பட்டு மெல்வில் தீவின் மிஷனில் வளர்க்கப்பட்ட குழந்தைகள். 1995-இல் மைதானத்தில் தன்னை இனத்தைச் சொல்லித் திட்டிய ஆட்டக்காரர் மீது லாங் புகார் கொடுத்து, விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் அந்த லீக் இனவசைக்கு எதிராக விதி கொண்டுவந்தது.

ரியோலி வடக்குப் பிரதேசச் சட்டமன்றத்துக்கும் போனார், 1992 முதல் 2001 வரை உறுப்பினர். 2010 கிறிஸ்துமஸ் அன்று திடீரென்று இறந்தார். அவருக்கு வயது 53.