கயத்தாற்றில் பேசிய அதிகாரம்

கட்டபொம்மன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிவாஜி கணேசனின் குரல்தான். 1959-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த படம்; வசனம் சக்தி டி.கே.கிருஷ்ணசாமி. இன்றைக்கும் பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் ஒரு குழந்தையாவது மீசை வரைந்துகொண்டு வந்து அந்த வசனத்தைப் பேசிவிடும். அது எந்த ஆவணத்திலும் இருப்பதல்ல, எழுத்தாளரின் கைவண்ணம். இருந்தாலும் தமிழ்நாட்டில் அதைத் தெரியாதவர்கள் குறைவு.

சரி, கட்டபொம்மன் பேசியது இருக்கட்டும். அவரைத் தூக்கில் போட்டவர்கள் என்ன பேசினார்கள்? ஒரு மனிதனைக் கொல்வதற்கும், ஒரு கோட்டையை இடிப்பதற்கும், ஒரு சீமையையே அடக்குவதற்கும் அவர்கள் சொன்ன நியாயம் என்ன? "மக்கள்", "அமைதி", "பாதுகாப்பு" என்ற சொற்களை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? இதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தப் பேச்சு 1799-ஓடு முடிந்துவிடவில்லை!

மணியோசையும் காவல் வரியும்

திருச்செந்தூர் பக்கம் இன்றும் சொல்லும் ஒரு கதை உண்டு. கட்டபொம்மன் செந்தில் ஆண்டவரின் பெரும் பக்தர். கோயிலில் பூஜை முடிந்த பிறகுதான் பாஞ்சாலங்குறிச்சியில் அவர் சாப்பிடுவாராம். பூஜை முடிந்தது எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் மணி வைத்திருந்தார்களாம். திருச்செந்தூரில் அடிக்கும் மணியைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள், அதைக் கேட்டு அதற்கடுத்த மண்டபத்தில்... இப்படியே ஓசை கோட்டை வரை போய்ச் சேருமாம்.

இது செவிவழிக் கதை. ஆனால் அந்தக் காலத்து அதிகாரம் எப்படிப்பட்டது என்பதற்கு இது ஒரு நல்ல அடையாளம். பாளையக்காரரின் அதிகாரம் கோயில், சடங்கு, காவல், வழக்கம் ஆகியவற்றின் மேல் நின்றது. 16-ம் நூற்றாண்டில் மதுரை விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 பாளையங்கள் ஏற்பட்டதாகச் சொல்வார்கள். பாளையக்காரர் வரி வசூலிப்பார், படை வைத்திருப்பார், வழக்குத் தீர்ப்பார், ஊர்க்காவலும் பார்ப்பார்.

அதற்காக அது பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். தலக்காவல், தேசகாவல் என்ற பெயர்களில் ஊர்களிடமிருந்து காவல் பணம் வசூலானது. கொடுக்காத ஊர் பட்ட பாடும் உண்டு. பாளையக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டபோது பயிரை இழந்தவன் குடியானவன்தான். பின்னால் கம்பெனி பேசிய பேச்சுக்குப் பிடிமானம் கொடுத்ததே இந்த உண்மைதான்.

ஏஜென்ட் முதலாளி ஆன கதை

கிழக்கிந்தியக் கம்பெனி என்பது 1600-ம் ஆண்டின் கடைசி நாளில் எலிசபெத் ராணியிடம் சாசனம் வாங்கிய ஒரு வியாபார நிறுவனம். அதற்குப் பங்குதாரர்கள் உண்டு, லண்டனில் இயக்குநர்கள் உண்டு, ஆண்டுதோறும் லாபப் பங்கும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்குத் திருநெல்வேலிச் சீமையில் என்ன வேலை?

ஆற்காட்டு நவாப் கம்பெனியிடம் பட்ட கடன்தான் காரணம். 1792-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. ஆனால் வசூல் நவாபின் பெயரில்தான் நடக்க வேண்டும். அதாவது நவாப் முதலாளி, கம்பெனி வசூல் ஏஜென்ட். சட்டப்படி அவ்வளவுதான் உறவு.

ஏஜென்ட் எப்படிப் பேசினான் என்று பாருங்கள். 1798-ல் கட்டபொம்மன் மேல் இருந்த நிலுவை 3,310 பகோடா. கலெக்டர் ஜாக்சன் அவரை நேரில் வந்து பார்க்கச் சொல்லிவிட்டு, போன இடங்களில் எல்லாம் பார்க்காமல் அலையவைத்து, கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில் சந்தித்தார். கணக்கைப் பார்த்தால் பெரும்பகுதி கட்டப்பட்டு, பாக்கி 1,080 பகோடாதான் இருந்தது. இருந்தும் கட்டபொம்மனையும் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளையையும் மணிக்கணக்கில் நிற்கவைத்தார்கள். பிறகு பிடித்துவைக்கவும் முயன்றார்கள். நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், பிள்ளை பிடிபட்டார்.

கம்பெனியே விசாரணைக் குழு அமைத்தது. குழு ஜாக்சன் மேல்தான் தவறு என்று கண்டது. அவர் பதவி இழந்தார், பிள்ளை விடுதலையானார். ஆக, கணக்கு ஒழுங்காகப் பார்க்கப்பட்டிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிரச்சினை பாக்கிப் பணம் அல்ல. "கூப்பிட்டால் வர வேண்டும்" என்பதுதான் பிரச்சினை.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். தெற்கே படை அனுப்பக் கம்பெனிக்குக் கை ஓய்ந்தது. செப்டம்பர் 5-ம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி வாசலில் நின்றார்.

கயத்தாறு, 1799 அக்டோபர் 16

கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். மற்ற பாளையக்காரர்கள் எல்லோரையும் பானர்மேன் கயத்தாறுக்கு வரவழைத்தார். அவர்கள் முன்னால் "விசாரணை" நடந்தது.

குற்றச்சாட்டுகள் இவை: கப்பம் கட்டவில்லை, கலெக்டர் அழைத்தும் வரவில்லை, கம்பெனிப் படையை எதிர்த்துச் சண்டையிட்டார். படை நடத்தி வந்தவரே நீதிபதி. தீர்ப்பும் அன்றே, தூக்கும் அன்றே. கட்டபொம்மன் கொஞ்சமும் கலங்காமல், அலட்சியமாகவே நின்றார் என்று பானர்மேனே தன் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வசூல் ஏஜென்டுக்கு எதிராக ஒருவர் "ராஜத்துரோகம்" செய்ய முடியுமா? 1799-ல் சட்டப்படி ஆட்சியாளர் நவாப்தான். கர்நாடகத்தின் நிர்வாகம் முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தில்தான். அதாவது, அரசன் என்ற தகுதி கைக்கு வருவதற்கு ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்கு முன்பே கம்பெனி அரசனாகப் பேசத் தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சை யாரும் மறுக்காமல் இருக்கத்தான் பாளையக்காரர்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்துத் தூக்கு நடந்தது. எல்லோருக்கும் இது பாடமாக இருக்கட்டும் என்பதே நோக்கம்.

அடுத்து வந்தது அறிவிப்பு. கோட்டைகளை இடிக்க வேண்டும். துப்பாக்கி, ஈட்டி எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். வைத்திருந்தால் கடும் தண்டனை. நேற்று வரை பாளையக்காரரின் உரிமையாக இருந்தது, ஒரே நாளில் குற்றமாக மாறிவிட்டது. நேற்று வரை "பாளையக்காரர்" என்று எழுதிய கை, இன்று "கலகக்காரர்" என்று எழுதியது. பெயரை மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது!

பெயரையே அழி

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றது. அதைப் பிடிக்கக் கம்பெனிக்கு மே 24 வரை ஆனது. எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே, வாய் பேச முடியாத அந்த மனிதனைச் சனங்கள் தெய்வம் போல் மதித்ததை வியந்து எழுதிவைத்தார்.

கோட்டை விழுந்த பிறகு அதைத் தரைமட்டமாக்கி உழுது ஆமணக்கு விதைத்தார்கள். பாளையத்து நிலங்கள் எட்டயபுரம் போன்ற, கம்பெனிக்குத் துணை நின்ற பாளையங்களுக்குப் போயின. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே அரசாங்கக் கணக்குகளிலிருந்து நீக்கப்பட்டது. ஊரை அழித்தது மட்டும் போதவில்லை, அதன் பெயரைச் சொல்லவும் கூடாது. அதே மண்ணில் செத்த கம்பெனி வீரர்களுக்கோ கல்லறைகள் எழுந்தன.

திருச்சியில் ஒட்டப்பட்ட இன்னொரு அறிவிப்பு

பாஞ்சாலங்குறிச்சி விழுந்து மூன்று வாரம் கழித்து, 1801 ஜூன் 16-ம் தேதி, சிவகங்கைச் சின்ன மருதுவின் பெயரில் ஓர் அறிவிப்பு திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத் தீவில் வாழும் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று எல்லோரையும் விளித்து எழுதப்பட்ட அறிவிப்பு அது. ஒரு பாளையத்துக்கோ ஒரு சாதிக்கோ பேசாமல், இந்த மண்ணில் இருக்கிற அத்தனை பேரையும் "நாம்" என்று சேர்த்த பேச்சு. அந்தக் காலத்துக்கு இது புதிது.

அதிலும் மிரட்டல் இல்லாமல் இல்லை. வெள்ளையருக்கு ஊழியம் செய்பவனுக்கு நற்கதி கிடையாது என்ற சாபமும் அதில் உண்டு. எதிர்ப்பவர்களும் ஆள்பவர்களின் தொனியைச் சில நேரம் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். என்றாலும் ஒரு வேறுபாடு பெரிது. கயத்தாற்று அறிவிப்பு கீழ்ப்படியச் சொன்னது. திருச்சி அறிவிப்பு சேரச் சொன்னது.

அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்கும் அதே முடிவு. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

"உங்கள் நன்மைக்காகத்தான்"

1801 டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஆயுதங்கள் தடை செய்யப்பட்டன. அதற்குப் பதிலாக மக்களுக்குப் பாதுகாப்பும், நிலையான தீர்வையும், நிம்மதியாக உழுது பிழைக்கும் வாழ்வும் வாக்களிக்கப்பட்டன. 1803-ல் நிரந்தரத் தீர்வை வந்து, மிஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள்.

இந்தப் பிரகடனத்தின் மொழியில்தான் மொத்த ரகசியமும் இருக்கிறது. அது "நான் உன்னை ஆளப்போகிறேன்" என்று சொல்லவில்லை, "நான் உன்னைக் காப்பாற்றப்போகிறேன்" என்று சொல்கிறது. பாளையக்காரரின் காவல் வரியால் நொந்திருந்த குடியானவனுக்கு இதில் கொஞ்சம் உண்மையும் தெரிந்திருக்கும். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா!

காப்பாற்றினார்களா? சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்தது பற்றி விசாரிக்க ஒரு கமிஷனே போட வேண்டி வந்தது. 1855-ல் வெளிவந்த அதன் அறிக்கை, குனியவைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள், விரலை நசுக்கும் கிட்டி போன்ற கொடுமைகள் நடந்ததை ஒப்புக்கொண்டது. காவல்காரன் மாறினான், அடி மாறவில்லை. ஆனால் இந்த முறை திருப்பிக் கேட்கக் கையில் ஆயுதமும் இல்லை, ஒதுங்க வேறு பாளையமும் இல்லை.

நூறு ஆண்டு கழித்து

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஓட்டப்பிடாரம். 1872-ல் அங்கே பிறந்தவர் வ.உ.சி. 1908 மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானபோது திருநெல்வேலியில் கலவரம் வெடித்து, போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் நாடு கடத்தல். அவர் செய்த "குற்றம்" பேசியதும், சிவாவுக்கு உதவியதும்தான். பின்னால் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஊர் மக்களும் தப்பவில்லை. தண்டனைப் போலீஸ் படையை நிறுத்தி, அதற்கான செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். பாதுகாக்கப்படுகிறவனே பாதுகாப்புக்குப் பணம் கட்ட வேண்டும்!

வெள்ளைக்காரன் போனதும் இந்தப் பேச்சு போய்விட்டதா? 1975 ஜூன் 26 காலை இந்திரா காந்தி வானொலியில் பேசினார். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுவிட்டது, யாரும் பதற வேண்டாம் என்றார். சாதாரண மக்களுக்காகத் தான் கொண்டுவந்த திட்டங்களுக்கு எதிராகப் பெரிய சதி நடக்கிறது என்றார். அதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். இந்திராவே இந்தியா என்று பேசியவர், அன்றைய காங்கிரஸ் தலைவர் பரூவா. ஒரு ஆள்தான் நாடு என்றால், அந்த ஆளை எதிர்ப்பவன் நாட்டுக்கு எதிரி ஆகிவிடுகிறான். அதற்கு மேல் வாதமே தேவையில்லை.

2009 மே 19-ல் இலங்கைப் பாராளுமன்றத்தில் அதிபர் மகிந்த ராஜபக்ச போர் வெற்றியை அறிவித்தார். தமிழிலும் சில வாக்கியங்கள் பேசினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை, நாட்டை நேசிப்பவர், நேசிக்காதவர் என்று இரண்டே வகைதான் என்றார். கேட்பதற்குச் சமத்துவம் போலத்தான் இருக்கிறது. ஆனால் யார் நேசிப்பவர் என்று தீர்மானிப்பது யார்? அன்று முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்த தமிழர்களைக் கேட்டால் தெரிந்திருக்கும்.

கம்பெனி, இந்திரா, ராஜபக்ச மூன்றும் ஒன்றல்ல. இந்திரா காந்தி 1977-லும் ராஜபக்ச 2015-லும் தேர்தலில் தோற்று இறங்கினார்கள். கம்பெனியை வாக்குப் போட்டு இறக்க வழியே இல்லை. ஆனால் பேச்சின் அமைப்பு ஒன்றுதான். முதலில் "நானே பாதுகாவலன்". பிறகு "எதிர்ப்பவன் கலகக்காரன், சதிகாரன், துரோகி". கடைசியில் "இனி அந்தப் பெயரே கிடையாது".

கணக்கில் அடித்த பெயரைச் சனங்கள் வாயில் வைத்திருந்தார்கள். கட்டபொம்மன் கதைப்பாடல்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு, பின்னால் நா.வானமாமலை பதிப்பித்து நூலாகவும் வந்தன. 1974-ல் தமிழக அரசே பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. இன்று எந்த வரைபடத்திலும் அந்த ஊர் இருக்கிறது. ஆனால் அதற்குள் 170 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு தலைவர் "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று தொடங்கும்போது, யாரிடமிருந்து பாதுகாப்பு, அதற்கு விலை என்ன, அதைக் கொடுக்கப்போவது யார் என்ற மூன்று கேள்விகளையும் அன்றே கேட்டுவிடுவது நல்லது.