தன்கடத்தலும் பிறரும்: கிருஷ்ணகிரி – ஒசூர் எல்லைப்பகுதி நடுகல் மரபை முன்வைத்து

முன்னுரை

மனிதன் தன் தனியாளுமையின் எல்லையைக் கடக்க வல்லவன் என்னும் கருத்தின்மேல் எழுந்தது ஆளுமை கடந்த உளவியல். ஆபிரகாம் மாஸ்லோ, அந்தோணி சூட்டிச், ஸ்டானிஸ்லாவ் குரோஃப் முதலியோர் அமெரிக்காவில் உருவாக்கிய இத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் 1969இல் தொடங்கப்பெற்றது. 'தன்னைக் கடத்தல்' என்பதில் பிறருக்கு என்ன இடம் என்னும் வினாவிற்கு இத்துறை அளித்த விடைகள் காலந்தோறும் மாறியுள்ளன. அம்மாற்றத்தைப் பண்டைத் தகடூர் வட்டாரத்தையும் அதனை ஒட்டிய கன்னட எல்லையையும் உள்ளடக்கிய நடுகல் மரபோடு இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது.

கருத்து மாறிய வகை

மாஸ்லோ தம் இறுதிக் காலத்தில், தன்னிறைவுக்கு மேற்பட்ட நிலையாகத் தன்கடத்தலைக் கருதினார். அது பெரும்பாலும் தனிமனிதரின் அகத்தே நிகழும் உச்ச அனுபவமாகவே விளக்கப்பட்டது. 1977இல் வெளிவந்த நூலில் கென் வில்பர் மனித உணர்வைப் பல அடுக்குகளாக வகுத்தார். அவருடைய பிற்கால நூல்கள் அதனை வளர்ச்சிப் படிநிலையாக விரித்தன. அவ்வரிசையில் தொல்குடிகளின் சடங்கும் தொன்மமும் கீழ்ப்படியில் நின்றன. 'பிறர்' என்போர் இன்னும் வளராதவர் எனக் கருத இது இடமளித்தது. 2002இல் ஹோர்ஹே ஃபெரர் இப்போக்கை மறுத்தார். ஆன்மிக நிகழ்வு தனிமனித அகத்திற்குள் அடங்குவதன்று. உறவிலும் சமூகத்திலும் இடத்திலும் பலர் பங்கேற்று உருவாக்குவது என்பது அவர் கொள்கை.

நடுகல் காட்டும் மனிதன்

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. இவற்றுள் ஒன்றும் இறந்தவனின் செயலன்று. அனைத்தும் எஞ்சியோர் செய்வன. எனவே வீரன் தெய்வமாவது அவனது அக அனுபவத்தால் மட்டும் அன்று, ஊரார் நினைவாலும் ஆகும். இதனை ஃபெரர் கூறும் பங்கேற்பிற்கு நெருங்கிய கருத்தாகக் கொள்ளலாம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு எழுப்பிய கல்லின்முன் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (232) இங்குக் கருதத்தக்கது. மலைசூழ்ந்த நாட்டைக் கொடுப்பினும் கொள்ளாதவன், சிறுகலத்துக் கள்ளை ஏற்பானோ என்பது அவர் ஐயம். சமூகம் ஆக்கும் தெய்வத்திற்கும் இறந்த நண்பனுக்கும் இடையே உள்ள தொலைவை அவ்வையம் மறைக்கவில்லை.

பிறர் எனப்படுவோர்

கிருஷ்ணகிரியை அடுத்த செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் எனக் கல்வெட்டு கூறுகிறது. கள்வர்க்கோ பெயர் இல்லை. மனிதன், விலங்கு என்னும் எல்லை இங்கு நெகிழ்கிறது; நம்மவர், அயலவர் என்னும் எல்லையோ இறுகியே நிற்கிறது. தன்னைக் கடத்தல் என்பது தன் குழுவையும் கடத்தல் ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. எனினும் நிரை கவர்தலும் மீட்டலும் ஆகிய இரண்டும் வெட்சித்திணைக்குள்ளேயே பேசப்படுகின்றன. ஓர் ஊரின் கள்வன் மற்றோர் ஊரின் வீரனாகலாம் என்பதற்கு இலக்கணமே இடம் தருகிறது.

எல்லையும் இன்றும்

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வழங்கும் இப்பகுதியில் நடுகல் வீரகல்லு என்றும் அழைக்கப்படுகிறது. கீழே போரும், இடையே வீரனை விண்ணுக்கு ஏற்றும் தேவமகளிரும், மேலே தெய்வ வழிபாடும் அமைந்த அடுக்குக் கற்கள் கன்னட நிலத்தில் மிகுதி. சங்கப் பாடலின் கல் ஊரார் நடுவே நிற்க, இவ்வடுக்குக் கல்லின் வீரன் விண்ணுக்கு உயர்கிறான். உறவு, ஏற்றம் என்னும் இருவேறு கடத்தல் கருத்துகளும் அருகருகே வாழ்ந்தன. பழைய நடுகற்கள் சில வேடியப்பனாக இன்றும் வழிபடப்படுகின்றன.

முடிவுரை

சிப்காட் தொழிற்பேட்டைகளும் கருங்கல் குவாரிகளும் பெருகிய இந்நிலத்திற்குப் பல மாநிலத்தவர் தொழிலாளராக வருகின்றனர். அவர்களை வந்தேறிகள் என ஒதுக்குவதும், பெயரற்ற கள்வராகவே கல்லில் நிறுத்துவதும் ஒரே மனப்பாங்கின் இரு வடிவங்கள். ஆளுமை கடந்த உளவியல் ஏணியிலிருந்து உறவுக்கு நகர்ந்த வரலாற்றை நடுகல் மரபோடு வைத்து நோக்கின், அவ்வுறவும் போதாது என்பது புலனாகும். உறவின் வட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்னும் வினாவே தன்கடத்தலின் உண்மை அளவுகோல்.